எந்த எம்எக்ஸ்-5 வாங்குவது, தம்பி?

மாஸ்டா எம்எக்ஸ்-5 மேல் ஆசை வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, நாலு தலைமுறையில் எது நல்லது என்பதுதான். பிரிட்டனில் மார்க் 1, மார்க் 2 என்று எண்ணிச் சொல்வார்கள். நல்ல கேள்விதான். ஆனால் தம்பி, நீ லண்டனில் இருக்கிறாய். பழைய கார் வாங்கப் போகிறாய். வீட்டு வேலைக்கும் வார இறுதிக்கும் அந்த ஒரே கார்தான். அப்படியிருக்க, தலைமுறையை விட அந்தக் காரின் அடிப்பாகம்தான் உனக்கு முக்கியம். துருவில்லாத மார்க் 3, துருவேறிய மார்க் 1-ஐ விட எவ்வளவோ மேல். அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரப்படாதே. எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற திறந்த கூரை கார்கள் 1980-ஓடு நின்றுபோன பிறகு, அந்த இடத்தை நிரப்ப மாஸ்டா இந்தக் காரை 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் காட்டியது. தோஷிஹிகோ ஹிராய் என்ற பொறியாளரின் தலைமையில் பிறந்த கார் இது. இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், இரண்டே சீட், எடை குறைவு. இந்தப் பக்குவம் நாலு தலைமுறையிலும் மாறவில்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் உருண்டு வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இது. அதனால் பார்க்கப் போன கார் சரியில்லை என்றால் தயங்காமல் திரும்பி வா. அடுத்த வாரம் வேறொன்று விற்பனைக்கு வரும்.

கையில் பேனா எடுத்து முதலில் போடவேண்டிய கணக்கு, புகைத் தரம் தேறாத கார்களுக்கு லண்டனில் விதிக்கும் யூலெஸ் மண்டலக் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. ஹாரோவில் இருந்தாலும் சரி, ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ இருந்தாலும் சரி, தப்ப வழியில்லை. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வாரத்தில் ஐந்து நாள் எடுத்தால் 62.50 பவுண்டு போயிற்று. மார்க் 1 மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் ஒரே வருஷத்தில் அந்த மலிவு கரைந்துவிடும். மார்க் 2-ல் சில தேறும், சில தேறாது. லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விற்பவருக்கு போனே செய்யவேண்டும். மார்க் 3-லிருந்து இந்தக் கவலை இல்லை.

மார்க் 1, 1989 முதல் 1997 வரை வந்தது. மேலெழும்பும் ஹெட்லைட் இதில் மட்டும்தான். எடை ஏறக்குறைய 950 கிலோ. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கும் பொடிக்கல்கூடக் கைக்குத் தெரியும். ஓட்டும் சுகத்தில் இதற்கு ஈடு எதுவுமில்லை என்று நானும் மனதார நம்புகிறேன். ஆனால் பிரிட்டனில் விற்ற ஆரம்பகால கார்களில் ஏர்பேக் கிடையாது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்ற பேச்சே இல்லை. 1.6 இன்ஜினுக்கு 115 குதிரைத்திறன், பிறகு 1.8 வந்தது. 1995 வாக்கில் பிரிட்டனில் விற்ற 1.6-ன் சக்தியை 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள். விளம்பரத்தில் வெறும் 1.6 என்று போட்டிருந்தால் எந்த வருஷம் என்று கேள். 1991-க்கு முந்தைய கார் என்றால் பானட்டைத் திறந்து, கிராங்க் புல்லியில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார். நாலு வெட்டு என்றால் கிராங்கின் முன்முனை குட்டையாக உள்ள பழைய வகை. அதில் புல்லியைப் பிடித்துவைக்கும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும், சரிசெய்யப் பெரிய செலவு பிடிக்கும். எட்டு வெட்டு இருந்தால் நிம்மதி. ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டரும் இதே கார்தான். பிரிட்டனின் குளிர்கால உப்பை அது எத்தனை வருஷம் சாப்பிட்டது என்பதைப் பொறுத்து அதன் உடம்பு இருக்கும். எப்போது இங்கே வந்து இறங்கியது என்று விசாரி.

மார்க் 2, 1998 முதல் 2005 வரை. ஹெட்லைட் நிலையாகிவிட்டது, பின்பக்கக் கண்ணாடி நிஜக் கண்ணாடியாயிற்று. மார்க் 1-ல் அது பிளாஸ்டிக். ஜிப்பை அவிழ்த்துப் படுக்கவைக்காமல் கூரையை மடித்தால் மடிப்பு விழுந்து வெடிக்கும். 2001-ல் முகம் மாற்றி வந்ததை மார்க் 2.5 என்பார்கள், 1.8 இன்ஜினில் வேரியபிள் வால்வ் டைமிங்கும் சேர்ந்தது. ஓட்ட அருமையான கார், விலையும் கைக்கு அடங்கும். அதனாலேயே முதன்முறை வாங்குபவர்கள் இதன் பக்கம் ஓடுகிறார்கள். இங்கேதான் அக்காவுக்குப் பதற்றம்.

காரின் முன்பக்கம் இன்ஜினைத் தாங்கிக்கொண்டு இரண்டு இரும்பு உத்தரங்கள் ஓடுகின்றன. சேஸி ரெயில் என்பார்கள். மார்க் 2.5-ல் மோதலைத் தாங்குவதற்காக அவற்றுக்குள் இன்னொரு தகட்டை வைத்து வலுவாக்கினார்கள். அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரமும் உப்பும் தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பிளாஸ்டிக் அண்டர்ட்ரே மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் பாஸாகிவிட்டதே என்று விற்பவர் காகிதத்தை நீட்டுவார். சோதிப்பவர் மூடியைக் கழற்றிப் பார்க்கக்கூடாது என்பது விதி. பார்க்காத இடத்துக்கு அந்தக் காகிதம் எப்படிப் பொறுப்பேற்கும்?

என் சிநேகிதி ஒருத்திக்காக ஒரு வெள்ளி நிற மார்க் 2.5 பார்க்கப் போயிருந்தேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் ஒரு கீறல் இல்லை. பக்கத்து கராஜில் லிஃப்டில் ஏற்றி அண்டர்ட்ரேயை இறக்கச் சொன்னோம். போல்ட்டைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகக் கொட்டியது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியை ரெயிலில் வைத்து லேசாக அழுத்தினார். நுனி உள்ளே போய்விட்டது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த கதைதான். லிஃப்டுக்குக் கொடுக்கும் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதே. லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்.

மார்க் 1, மார்க் 2 இரண்டுக்கும் பொதுவான இன்னொரு நோய், கதவுக்குக் கீழே ஓடும் சில். துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேறவேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் தேங்கும், சில்லுக்குள் இறங்கும், உள்ளிருந்து தின்னும். அதனால் பார்க்கப் போகும் நாளில் வெள்ளைச் சட்டை போடாதே. பின்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார். சில்லின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவு. கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட் எழும்பியிருந்தால் உள்ளே ஓட்டை என்று வைத்துக்கொள். பழைய கார், ஆனால் அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு என்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போ. ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான். பிறகு சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்; ஈரம் பட்டால் குழாய் அடைத்திருக்கிறது.

இனி மார்க் 3. 2005 முதல் 2015 வரை. பழைய பிரியர்களுக்கு இதன்மேல் ஒரு இளக்காரம் உண்டு, குண்டாகிவிட்டது என்பார்கள். 1,100 கிலோவைத் தாண்டியது உண்மைதான். அந்தப் பேச்சு நியாயமில்லை என்பது என் கட்சி. ஆர்எக்ஸ்-8 காரின் அடித்தளத்திலிருந்து வளர்த்த உறுதியான உடல். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். உயரமானவர்களுக்கும் கால் நீட்ட இடம். 1.8, 2.0 என இரண்டு இன்ஜின். 2.0-க்கு 160 குதிரைத்திறன். 2006-ல் வந்த ரோட்ஸ்டர் கூபேயில் கெட்டிக்கூரை பன்னிரண்டு நொடியில் தானாக மடிந்துகொள்ளும், டிக்கி இடத்தையும் அடைக்காது. ஃபிளாட்டில் இருந்துகொண்டு தெருவில் காரை நிறுத்தும் உன்னைப் போன்றவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? துணிக்கூரையை யாராவது கத்தியால் கிழிப்பார்களோ என்ற பயமும் இல்லை. 2009-ல் திருத்தம் செய்தபோது 2.0 இன்ஜினுக்கு ஃபோர்ஜ்டு கிராங்க் போட்டு வலுவாக்கினார்கள். முந்தைய இன்ஜின்களில் சில எண்ணெய் குடிக்கும். அளவு இறங்கியதைக் கவனிக்காமல் ஓட்டியவர்கள் பேரிங்கைத் தின்ன விட்டிருக்கிறார்கள். சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை நீயே உருவிப் பார். பின்பக்க பிரேக் காலிப்பர் இறுகிக்கொள்வதும் உண்டு. ஓட்டி வந்தபிறகு பின்சக்கரம் ஒன்று மட்டும் அனலாகச் சுட்டால் அதுதான்.

மார்க் 4, 2015-ல் வந்தது. நீளம் 3,915 மில்லிமீட்டர்; மார்க் 1-ஐ விடவும் குட்டை. எடையை 1,000 கிலோ பக்கம் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016-ல் உலகின் சிறந்த கார், சிறந்த வடிவமைப்பு என்று இரண்டு விருதையும் சேர்த்து வாங்கியது. பணம் இருந்தால் இதை வாங்கு, ஆனால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கு. முதலில் வந்த கார்களில் ஸ்டியரிங்கை மேலும் கீழும்தான் நகர்த்தலாம்; முன்னும் பின்னும் இழுக்கும் வசதி 2018-ல் செய்த திருத்தத்தோடுதான் வந்தது. அதே திருத்தத்தில் 2.0 இன்ஜின் 160-லிருந்து 184 குதிரைத்திறனாக ஏறியது. நடுவில் 2016, 2017 கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸ் தொல்லை கொடுத்தது, மாஸ்டா பலமுறை திருத்தவேண்டி வந்தது. சர்வீஸ் ரசீதுகளில் கியர்பாக்ஸ் மாற்றிய விவரம் இருந்தால் அது குறையல்ல, நல்ல சேதி. 1.5 இன்ஜினைச் சிறுமையாக நினைக்காதே. ஊருக்குள் ஓட்ட அதன் துடிப்பே போதும், இன்சூரன்ஸும் இறங்கும்.

இன்சூரன்ஸை வாங்கியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. நம்பரை வைத்து முன்கூட்டியே விலை கேள். முந்தைய சொந்தக்காரர் டர்போ மாட்டியிருந்தாலும் சஸ்பென்ஷனை இறக்கியிருந்தாலும் அதைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். மறைத்தால் விபத்து நேரும் அன்று பணம் வராது. எம்ஓடி வரலாறு அரசுத் தளத்தில் இலவசம். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் கீழேவரை போ. 'துரு, கவனிக்கவும்' என்று வருஷாவருஷம் எழுதிவிட்டு ஒரு வருஷம் திடீரென்று அந்த வரி காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்த ரசீது எங்கே என்று கேள்.

பார்க்க வருகிறேன் என்று சொல்லும்போதே, இன்ஜினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிடு. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். மார்க் 1 கிளம்பியதும் டிக்டிக்கென்று சத்தம் போட்டு, சூடேறியதும் அடங்கினால் பயமில்லை. எண்ணெய் மாற்றிப் பார்க்கலாம். மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சூடான பிறகும் கரகரத்தால் கியர்பாக்ஸில் வேலை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் டைமிங் பெல்ட் சுமார் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வை. பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டின் செலவையும் விலையில் கழித்துக் கேள்.

இத்தனைக்கும் பிறகு என் கையில் காசைக் கொடுத்து வாங்கி வா என்று சொன்னால், 2009-க்குப் பிந்தைய மார்க் 3, 2.0, கெட்டிக்கூரை. ஊருக்கு வெளியே இருந்து, கராஜும் இன்னொரு காரும் உள்ளவனாக இருந்தால் மார்க் 1-தான் வாங்கு என்று நானே பிடிவாதம் பிடித்திருப்பேன்.

எதை வாங்கினாலும் முதல் வாரமே இரண்டு வேலை செய். கூரையின் வடிகால் இரண்டிலும் வளையக்கூடிய மெல்லிய கம்பியை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது சக்கரத்தருகே சொட்டுகிறதா என்று பார். பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணைப் படி. 3115 என்றிருந்தால் 2015-ஆம் வருஷம் 31-ஆவது வாரம் செய்த டயர். டயர் பட்டன் இன்னும் தேயவில்லையே என்று விற்பவர் சொன்னாலும் நாலையும் மாற்று. பின்சக்கரம் தள்ளும் எடைகுறைந்த கார், மழைநாளில் ரவுண்டபவுட்டில் திரும்பும்போது கெட்டிப்போன ரப்பர் பிடிக்காது.