மரப்பு மருந்து: அப்பளம் இடும் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் பெண்களுக்குக் கை எரிச்சல் பழகிப்போன ஒன்று. உளுந்து மாவில் சேரும் அப்பளக்காரமும் பிரண்டைச் சாறும் விரலிடுக்கைப் பதம் பார்த்துவிடும். எரிச்சல் தெரியாமலிருக்க ஏதாவது தடவலாமா என்று தேடினால் கையில் அகப்படுவது, வீட்டில் யாருக்கோ மூலத்துக்கு வாங்கிய லிக்னோகெயின் ஆயின்மெண்டாக இருக்கலாம். ஸ்வீடனில் 1943-இல் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய மருந்து அது. நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியை அடைத்து, வலி மூளைக்கு எட்டாமல் நிறுத்திவிடும். எவ்வளவோ பேருக்கு நிம்மதி தந்த மருந்துதான். ஆனால் புண் அப்படியேதான் இருக்கும்.

1. டியூபில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். லிக்னோகெயின், பிரிலோகெயின், பென்சோகெயின் எல்லாம் மரப்பு மருந்துகள். லிடோகெயின் என்று இருந்தால் அதுவும் லிக்னோகெயினே. 2% ஜெல்லி, 5% ஆயின்மெண்ட், 10% ஸ்பிரே என்று வீரியம் மாறும். 5% ஆயின்மெண்ட் பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. மூல ஆயின்மெண்ட் பலவற்றிலும் லிக்னோகெயின் உண்டு. இரண்டையும் பூசினால் கணக்கு கூடிவிடும்.

2. அப்பளம் இட்ட கையை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெடித்த தோலில் மரப்பு மருந்து வேண்டாம். வெடிப்பு வழியே மருந்து கூடுதலாக ரத்தத்தில் இறங்கும். மரத்த விரலோடு அடுப்படிக்குப் போனால் சுட்டதுகூடத் தெரியாது. வெடிப்பு ஆறவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

3. பொரிக்கும் எண்ணெய் தெறித்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ், பேஸ்ட், மரப்பு மருந்து எதுவும் கூடாது.

4. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது வெறும் நம்பிக்கையல்ல. அதிலுள்ள யூஜினால் உண்மையாகவே மரக்க வைக்கும். நமக்குப் பக்கத்துக் குற்றாலத்தில்தான் 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பு பயிரிட்டுப் பார்த்தது. கிராம்புத் தைலம் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு போதும். பல்லில் மட்டும் படட்டும், ஈறில் பட்டால் புண்ணாகும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கினால் கல்லீரலைக் கெடுக்கும். வலி அடங்கியதே என்று பல் டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே சீழ் கட்டுவதை எந்தத் தைலமும் நிறுத்தாது.

5. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் மரப்பு ஜெல் தடவவே கூடாது. இதைப் பாட்டிமாரிடமும் சொல்லிவையுங்கள். குழந்தை அதை விழுங்கிவிடும்; தொண்டை மரத்துப் பால் புரையேறும்; அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். பென்சோகெயின் இன்னொரு விதத்தில் ஆபத்து: ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாதென்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் கண்டிப்பாகச் சொன்னது. கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். அது போதும்.

6. வாய்ப்புண் ஜெல் சிலவற்றில் லிக்னோகெயினோடு கோலின் சாலிசிலேட்டும் இருக்கும். அதை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவாதீர்கள். பெரியவர்கள் தடவினால் ஒரு மணி நேரம் சாப்பிட வேண்டாம். மரத்த வாயில் சூடு தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வோம்.

7. ஊசிக்கு முன் பூசும் லிக்னோகெயின்–பிரிலோகெயின் கிரீம் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அளவையும் இடத்தையும் டாக்டர் சொல்லட்டும். அவர் சொல்லாமல் அகலமாகப் பூசி பிளாஸ்டிக் தாள் சுற்றுவது ஆபத்து.

8. தேள் கொட்டினால் ஆயின்மெண்ட் தடவிக் காத்திருக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. வலி குறைந்தாலும் விஷம் இதயத்தைத் தாக்கலாம். வாந்தி, வியர்வை, கைகால் சில்லிடல் இருந்தால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மகாராஷ்டிரத்து டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பிரசோசின் மாத்திரையால் இத்தகைய உயிர்களைக் காக்க வழிகாட்டினார். அதை நேரத்தோடு கொடுக்க வேண்டும்.

9. கண் டாக்டர் ஊற்றும் மரப்புச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள். தொடர்ந்து விட்டால் கருவிழியே புண்ணாகும்.

10. மருந்து பூசிய பின் வாயைச் சுற்றி மரப்பு, காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, தலைசுற்றல், நடுக்கம் என்று எது வந்தாலும் உடனே துடைத்து எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி. மேல்சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு பூசினீர்கள், எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.