பச்சை குத்தும் முன் ஒரு நிமிடம்!

அன்று பாட்டியின் கையில் குறத்தி குத்திய கோலம்; இன்று பேரனின் தோளில் வேலும் மயிலும். சுங்கை செம்பிலாங் தோட்டத்து இளையோரே, ஊசிக்குக் கை நீட்டும் முன் கவனிக்க:

● கதை தெரிந்து குத்துங்கள். மயிலும் சேவலும் வெறும் பறவைகள் அல்ல. முருகனிடம் தோற்ற சூரபத்மனின் இரு கூறுகள். ஆணவம் அடங்கியதன் அடையாளம்.

● நாகம் பிடிக்குமா? திருமாலுக்குப் படுக்கை, சிவனுக்கு அணிகலன், மயிலுக்குக் காலடி. எது உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்.

● இடம் முக்கியம். சாமி உருவம் இடுப்புக்குக் கீழே வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகும்.

● எண்களைத் தவிருங்கள். 04, 08, 36 போன்றவை 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 குண்டர் கும்பல்களின் பட்டியலில் உள்ளவை.

● போலீஸ், ராணுவக் கனவு உண்டா? ஆளெடுப்பு விதிகளை முதலில் பாருங்கள். பச்சை தடையாகலாம்.

● புதிய ஊசி உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும்.

● தைப்பூசத்தில் அலகு குத்துவோர் பல வாரங்களுக்கு முன்பே பச்சை குத்துவதை முடித்துவிடுங்கள். புண் ஆறும்வரை ரெமிஸ் கடற்கரையில் நீரில் இறங்க வேண்டாம். செம்பனைக்காட்டு வெயிலும் வியர்வையும் படாமல் பாருங்கள்.