ஸ்பானிய மொழியின் வழக்குச் சொற்கள்

கப்பற் பொறியியலாளராய்ப் பணிபுரியும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது எம்மைக் காண வந்தார். பழைய வகுப்பறைக் கதைகள் பல பேசியபின், தமக்கு நேர்ந்த சங்கடம் ஒன்றையும் நகைத்தபடி கூறினார். அதுவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவர் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாத் துறைமுகத்திற் சில மாதங்கள் தங்கி, ஸ்பானிய மொழியை ஓரளவு பேசக் கற்றார். பின்னர் அவர்தம் கப்பல் தென்னமெரிக்காவை அடைந்தது. ஆர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸ் நகரிலும் அம்மொழியே வழங்குவதாற் கவலையின்றிக் கரையிறங்கி, தெருவில் நின்ற மூதாட்டி ஒருவரிடம், "பேருந்தை எங்கே பிடிக்கலாம்?" என வினவினார். பிடித்தல், எடுத்தல் என்னும் பொருளில் ஸ்பெயின் நாட்டார் நாடோறும் வழங்கும் சொல் 'கொஹேர்' என்பது. அதனையே அவரும் ஆண்டார். மூதாட்டியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருகே நின்ற இளைஞர் வாய்விட்டு நகைத்தனர். உடன் பணிபுரிந்த அந்நாட்டவர் ஒருவர் பின்னர்த் தனியே அழைத்துக் காரணம் கூறினார். ஆர்ஜென்டீனாவில் அச்சொல் பெரியோர் முன் உரைக்கத்தகாத பொருளுடையது. பேருந்துக்கு அங்கே 'தொமார்' என்றே கூறல் வேண்டும்.

நம் மாணவர் கூறிய வாக்கியத்தில் இலக்கண வழு யாதுமில்லை. அகராதிப் பொருளும் பொருந்தியே இருந்தது. ஆயின், பிழை எங்கே நின்றது? இவ்வினாவை உளங்கொண்டு, ஸ்பானிய மொழியின் அன்றாடப் பேச்சுச் சொற்கள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம். தமிழிலக்கண நூலார் வகுத்த பெயர்கள் சில இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வன.

ஒரு மொழி, பல நாடு

ஸ்பானிய மொழி காஸ்தீல் என்னும் நிலப்பகுதியின் பேச்சாகத் தோன்றியது. அதற்கு நெப்ரிஹா என்னும் அறிஞர் இலக்கணம் வகுத்து வெளியிட்ட ஆண்டு 1492. கொலம்பஸ் மேற்கே கடல் கடந்து கரிபியன் தீவுகளை அடைந்ததும் அதே ஆண்டே. இவ்வாறு இலக்கணம் பெற்ற ஆண்டிலேயே அம்மொழி கடல் கடக்கவும் தொடங்கியது. இன்று அஃது இருபது நாடுகளின் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி. மெக்சிக்கோவில் நகுவாத்தல், அந்தீஸ் மலைநாடுகளிற் கெச்சுவா முதலாய பழங்குடி மொழிகளோடு கலந்தும், பின்வந்த குடியேறிகளின் மொழிகளோடு பழகியும், நாட்டுக்கு நாடு வேறுபட்ட பேச்சுச் சொற்களை அது பெற்றது. எழுத்துமொழி பெரும்பாலும் ஒன்றாகவே நிற்க, தெருவிலும் சந்தையிலும் வழங்கும் சொற்களே மிகுதியும் வேறுபட்டன.

திசைச்சொல்

செந்தமிழ் நிலத்தை அடுத்த பிற நிலங்களில் வழங்கும் சொற்களைத் தொல்காப்பியனார் திசைச்சொல் எனப் பெயரிட்டு, சொல்லின் நால்வகையுள் ஒன்றாக வைத்தார். ஸ்பானிய மொழியின் திசைச்சொற்களோ எண்ணிறந்தன.

'குவாகுவா' என்னும் சொல்லை முதலில் நோக்குக. கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கனேரித் தீவுகளிலும் அது பேருந்தைக் குறிக்கும். சிலி, ஈக்குவடோர் முதலிய நாடுகளிலோ கைக்குழந்தையைக் குறிக்கும். குழந்தையைக் குறிப்பது கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. பேருந்தைக் குறிப்பது வேறு சொல். எனவே, "குவாகுவாவுக்காகக் காத்திருக்கிறேன்" எனக் கியூபா நாட்டவர் கூறின், சிலி நாட்டவர் அவருக்கு மகப்பேற்று வாழ்த்துக் கூறுதலும் கூடும்.

தொழிலைக் குறிக்கும் பேச்சுச் சொற்கள் அவ்வந்நாட்டின் வரலாற்றையும் காட்டுவன. ஸ்பெயினில் அது 'குர்ரோ'. இச்சொல் அந்நாட்டு ரோமா மக்களின் பேச்சிலிருந்து வந்தது. அம்மக்களின் மூதாதையர் பன்னூறாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர் என்பது அவர்தம் மொழியால் அறியப்படும். மெக்சிக்கோவிலும் பெருவிலும் தொழில் 'சாம்பா' எனப்படும். சிலியிற் 'பேகா' எனப்படும். கொலம்பியாவிலோ 'கமேயோ' என்பர்; ஒட்டகம் என்பது அதன் நேர்ப்பொருள். சுமை சுமந்து நெடுவழி செல்லும் விலங்கின் பெயரை உழைப்புக்கு இட்ட மக்களின் நகைச்சுவையும் களைப்பும் அச்சொல்லில் ஒருங்கே தோன்றுகின்றன அன்றோ!

பணத்தின் பெயர்களும் இத்தகையனவே. தென்னமெரிக்க நாடுகள் பலவற்றில் அது 'பிளாத்தா', அஃதாவது வெள்ளி. ஆர்ஜென்டீனா என்னும் நாட்டின் பெயரே வெள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. மெக்சிக்கோவிற் பணம் 'லானா', அஃதாவது ஆட்டுமயிர். ஸ்பெயினில் அது 'பாஸ்தா', அஃதாவது பிசைந்த மா. மதுவருந்தியோர் மறுநாட் காலை அடையும் துன்பத்திற்கும் ஊருக்கொரு பெயர் உண்டு. அது மெக்சிக்கோவிற் 'பச்சை', கொலம்பியாவிற் 'கொய்யாமரம்', வெனிசுவேலாவில் 'எலி' எனப் பொருள்படும் சொற்களாற் குறிக்கப்படும். பெயர் எதுவாயினும் அதனை அறியாதிருத்தலே மாணவர்க்கு அழகு.

ஒரு பொருளை மிக நன்று எனப் புகழும் சொற்களும் பல. ஸ்பெயினிற் 'குவாய்' என்பர். கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் 'சேவெரே' என்பர். சிலியிலும் பெருவிலும் 'பக்கான்' என்பர். மெக்சிக்கோவில் 'பாத்ரே' என்பர். தந்தை என்பது அதன் நேர்ப்பொருள். ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கேயத்திலும் இச்சொல் உண்டு. அங்கே அது குருவானவரைக் குறிக்கும். போர்த்துக்கேயரோடு கடல் கடந்து வந்து நம் நாட்டிற் 'பாதிரி' என நிலைத்ததும் அதுவே. ஒரு சொல் மெக்சிக்கோவின் தெருவில் இளைஞரின் வியப்பாகவும், நம்மிடத்தே பெரியார் ஒருவரின் பெயராகவும் வாழ்தல் வியத்தற்குரியது.

நண்பரை விளிக்கும் சொற்களை நோக்கின், நமக்கு நன்கு பழகிய முறையொன்று தோன்றும். ஸ்பெயின் நாட்டு இளைஞர் ஒருவரையொருவர் 'தியோ' என விளிப்பர். மாமன் அல்லது சிற்றப்பன் என்பது அதன் பொருள். உறவில்லாதாரையும் உறவுப்பெயரால் அழைத்தல் நமக்கே உரிய வழக்கன்று என்பது இதனாற் பெறப்படும். மெக்சிக்கோவில் நண்பன் 'குவாத்தே'. நகுவாத்தல் மொழியில் இரட்டைப்பிள்ளையைக் குறித்த சொல் அது. அந்நாட்டிலேயே 'குவேய்' என்பதும் உண்டு. எருது என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்து, முன்னர் மூடனைக் குறித்த அவ்வசைச்சொல், இன்று தோழரிடையே அன்புச்சொல்லாய்விட்டது. ஆயினும் அதனை ஆசிரியரிடத்தோ முதியோரிடத்தோ கூறுவார் இலர். ஆர்ஜென்டீனா நாட்டார் 'சே' என விளிப்பர். அந்நாட்டிற் பிறந்த ஏர்னெஸ்தோ குவேராவின் பேச்சில் இவ்விளி அடிக்கடி வந்தமையால், கியூபாத் தோழர் அதனையே அவருக்குப் பெயராக்கினர். உலகம் இன்று அவரை அப்பெயராலேயே அறியும்.

குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் விளங்கிக்கொள்ளுமாறு ஒரு பொருளின் பெயரை ஒழித்து வேறு பெயரால் வழங்குதல் குழூஉக்குறி எனப்படும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது நாம் வகுப்பிற் கற்ற உதாரணம். ஸ்பானிய உலகில் இதற்குச் சிறந்த சான்று 'லுன்ஃபார்தோ'.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியர் பல இலட்சம் பேர் ஆர்ஜென்டீனாவிற் குடியேறினர். புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தை அண்டிய நெருக்கமான குடியிருப்புகளில் அவர்தம் பேச்சும் ஸ்பானியமும் கலந்தன. தொழிலைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'லபூரோ' ஆயிற்று. சொற்களின் அசைகளை முன்பின்னாக மாற்றிப் பேசும் முறையும் அங்கே தழைத்தது. 'தாங்கோ' என்னும் நடனத்தின் பெயர் 'கோதான்' ஆகும்; 'கஃபே' என்னும் காப்பி 'ஃபேகா' ஆகும்.

கற்றோர் இப்பேச்சை முதலில் இகழ்ந்தனர். 1894 ஆம் ஆண்டிற் சட்ட அறிஞராகிய தெல்லெப்பியானே இதனை ஆராய்ந்து எழுதிய நூலின் பெயரே 'குற்றத்தின் மொழி' எனப் பொருள்படும். கள்வர் சிறைக்கூடத்திற் பேசும் மறைமொழி என்பதே அக்கால எண்ணம். 1943 ஆம் ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்துறை அரசின் காலத்தில், வானொலியில் ஒலிக்கும் தாங்கோப் பாடல்களிலிருந்து இச்சொற்களை நீக்கவேண்டுமென்ற கட்டுப்பாடு வந்தது. பாடலாசிரியர் தம் சொற்களை மாற்ற நேர்ந்தது. மக்களோ வீட்டிலும் கடையிலும் பழைய சொற்களையே பேசினர். 1949 ஆம் ஆண்டளவிற் கட்டுப்பாடு தளர்ந்தது. 1962 ஆம் ஆண்டில் லுன்ஃபார்தோவை ஆராய்தற்கெனவே புவெனஸ் அயர்ஸில் ஒரு கழகம் நிறுவப்பட்டது. கள்வர் மொழியென இகழப்பட்டது, தொழில் தேடிக் கடல் கடந்து வந்த ஏழைமக்களின் வீட்டுமொழி என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இடக்கரடக்கல்

நன்மக்களிடத்துக் கூறத்தகாத சொல்லை மறைத்து வேறு சொல்லாற் கூறுதல் இடக்கரடக்கல். எச்சொல் கூறத்தகாதது என்பதை ஊரே முடிவுசெய்யும். நம் பழைய மாணவரின் சங்கடம் இவ்வகையினதே. 'கொஹேர்' என்பது ஸ்பெயினிற் குழந்தையும் கூறும் சொல். கொலம்பியாவிலும் நாணமின்றிக் கூறுவர். மெக்சிக்கோவிலும் ஆர்ஜென்டீனாவிலும் அதனைத் தவிர்ப்பர். 'பீச்சோ' என்பது ஸ்பெயினிற் சிறு பூச்சியைக் குறிக்கும். போர்ட்டோ ரிக்கோவிலோ அஃது அவையில் எழாச் சொல்.

நாணத்திற்கு இடமில்லாத எளிய சொல்லும் இடத்தால் மாறுபடும். 'அஓரித்தா' என்பது மெக்சிக்கோவில் 'இப்பொழுதே' என்றும் பொருள்படும், 'சற்றுப் பின்' என்றும் பொருள்படும். போர்ட்டோ ரிக்கோவில் அதற்குப் 'பிறகு' என்பதே பொருள். 'அஓரித்தா வருவேன்' என்ற நண்பருக்காக வாயிலில் நிற்பவர், அந்நண்பர் எந்நாட்டவர் என்பதை முதலில் அறிதல் நலம்.

அகராதியும் வழக்கும்

ஸ்பானிய அரச கழகம் 1713 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மொழியைத் தூய்மைசெய்து, நிலைபெறுத்தி, ஒளிபெறச் செய்தலே அதன் குறிக்கோள். நெடுங்காலம் மத்ரித் நகரின் வழக்கே அளவுகோலாய் நின்றது. 1951 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிற் கூடிய மாநாட்டின் பயனாக, ஸ்பானியம் பேசும் நாடுகளின் கழகங்கள் யாவும் ஒரு சங்கமாயின. அச்சங்கம் 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடுகளின் சொற்களுக்கெனத் தனி அகராதியொன்றை வெளியிட்டது. இன்று அரச கழகத்தின் அகராதியிலேயே 'லபூரோ', 'சாம்பா', இருபொருட் 'குவாகுவா' ஆகியன இடம்பெற்றுள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது வழங்கும் நாட்டின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். அகராதி செய்தோர் அச்சொற்களை நீக்கவில்லை. அவற்றின் ஊரை எழுதினர்.

நாம் பெறும் பாடம்

இவ்விடத்தில் எம் பிழையொன்றையும் கூறுதல் கடன். பயிற்சிக் கலாசாலையிலிருந்து வெளியேறி ஆசிரியப் பணியில் நுழைந்த முதலாண்டு அது. தந்தையாரின் இடமாற்றத்தால் மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன், தன் கட்டுரையில் 'பிறகு' என்னும் பொருளில் 'மறுகா' என எழுதினான். யாம் அதனைச் சிவப்பு மையால் வெட்டிக் 'கொச்சை' என ஓரத்தில் எழுதினோம். வகுப்பு நகைத்தது. தன் தாயார் அவ்வாறே கூறுவார் என அவன் மெல்லக் கூறினான். யாம் விடையிறுத்திலேம். அதன்பின் அவன் வகுப்பில் வாய்திறந்து பேசியது மிகக் குறைவு. அச்சொல்லினுள்ளே 'மறு' என்னும் நல்ல பழந்தமிழ் நிற்பதையும் யாம் அன்று நோக்கிலேம்.

எவ்விடத்தும் எச்சொல்லும் எழுதலாம் என்பது எம் கருத்தன்று. 'குவேய்' எனத் தோழனை அழைக்கும் மெக்சிக்கோ மாணவனும் தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதான். பலவூரார் படிக்கும் எழுத்திற்குப் பொதுமொழி வேண்டும். அதனைக் கற்பித்தல் எம் தொழில். ஆயின், இவ்விடத்திற்குப் பொருந்தாது என்பது வேறு. இழிந்தது என்பது வேறு. முன்னையது சொல்லைத் திருத்தும். பின்னையது சொல்லியவனையும் அவன் தாயையும் நாணச்செய்யும்.

மாணவச் செல்வங்காள், பிறவூர் செல்லும்போது அவ்வூரார் பேச்சைச் செவிகொடுத்துக் கேண்மின், நகையாதீர். பழைய மாணவர்காள், நீவிர் சென்ற நாடுகளிற் கேட்ட சொற்களை எமக்கு எழுதி அனுப்புவீராக. யாமும் எம் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்பொழுது மாணவர் கட்டுரையில் இத்தகைய சொல் வருமாயின், அதனை வெட்டுவதில்லை. பொதுச்சொல்லை மேலே எழுதி, ஓரத்தில் 'திசைச்சொல்' எனக் குறித்து, அதனருகே அவ்வூரின் பெயரையும் எழுதுகின்றோம்.