தாத்தாவின் ஊசி

கோலா கங்சார்

அன்புள்ள தர்ஷினி,

உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் பழைய முறையில் கடிதம். கோப்பேங் விடுதியில் தோழிகளோடு சேர்ந்து படித்தாலும் சரி, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த உறுப்புகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே நம் ஆண்கள் பலர் டாக்டரிடம் தாமதமாகப் போகிறார்கள். நீயாவது கூச்சமில்லாமல் கேட்டாயே, சந்தோஷம்.

நீ கேட்டது இது: புரோஸ்டேட் புற்றுநோய்க்குத்தானே தாத்தாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி? பிறகு ஏன் நடுராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுந்து உட்காருகிறார்? கித்தா மரக் காட்டில் ஏறி இறங்கி உரமேறிய தொடை ஏன் சூம்பிப்போனது? நெஞ்சு ஏன் வீங்கி வலிக்கிறது? மருந்து மாறிவிட்டதா?

மருந்து மாறவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்த வேலை புரோஸ்டேட்டோடு நிற்காது, அவ்வளவுதான்.

ஊசியில் உள்ள மருந்து மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை ஓயாமல் தூண்டித் தூண்டிக் களைக்க வைக்கிறது. முதல் ஓரிரு வாரங்களில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறக்கூடச் செய்யும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்கத்தான் முதல் ஊசியை ஒட்டித் தாத்தாவுக்குத் தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பிட்யூட்டரி சோர்ந்துவிடும், விரைகளுக்குக் கட்டளை போகாது, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். அறுவை செய்து விரைகளை எடுத்தால் என்ன ஆகுமோ அதே நிலை, கத்தி இல்லாமல்.

இரத்தம் போகாத இடம் உடம்பில் ஏது? டெஸ்டோஸ்டிரோனும் எல்லா இடத்துக்கும் போகிறது. எந்த அணு (செல்) அதற்குச் செவிசாய்க்கும் என்பதை முடிவுசெய்வது அந்த அணுவுக்குள் இருக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோன் ஏற்பி, என்ற புரதம். தோட்டத்தில் காலையில் வேலையாட்களைக் கூட்டும் பெரட்டைப் பற்றித் தாத்தா உன்னிடமும் சொல்லியிருப்பார். விடியுமுன் பெயர் கூப்பிடும் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். ஆனால் பெயர்ப் பதிவு இருப்பவர்தான் வேலைக்குக் கிளம்புவார். கிளம்பியவர்களும் ஒரே வேலைக்கா போனார்கள்? ஒருவர் பால்மரம் வெட்ட, ஒருவர் புல் வெட்ட, இன்னொருவர் ஸ்டோருக்கு. ஏற்பி உள்ள அணுக்களும் அப்படித்தான். அழைப்பு ஒன்று, வேலை வெவ்வேறு.

ஹார்மோன் அணுவுக்குள் நுழைந்து ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். புரோஸ்டேட்டிலும் தோலிலும் முதலில் ஒரு நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலுவான வடிவமாக மாற்றிவிடும். ஹார்மோன் பற்றிய ஏற்பி உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து, மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். புரோஸ்டேட் அணுவில் அப்படி முடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்றுதான் பி.எஸ்.ஏ.வை உண்டாக்குவது, அதாவது தாத்தாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் நீ பார்க்கும் அந்த எண். இதை நினைவில் வை, பிறகு தேவைப்படும்.

ஏற்பி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். நான் ஈப்போவில் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த வேலைகளில் இது ஒன்று. பயாப்சித் துண்டை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம். வெதுவெதுப்பான நீரில் அந்தச் சீவல் சுருக்கமில்லாமல் விரிந்து மிதக்கும், கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து அள்ளிக்கொள்ள வேண்டும். மெழுகை நீக்கி, வெப்பத்தில் வைத்து, ஏற்பியோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை விட்டு, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் படிய வைப்போம். மற்ற உட்கருக்களுக்கு நீலச் சாயம். பரிசோதனை சரியாக நடந்ததா என்று ஒப்பிட, கூடவே ஒரு புரோஸ்டேட் சீவலையும் சாயமிடுவது வழக்கம்.

அந்தப் புரோஸ்டேட் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சுரப்பிக் குழாய்களின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் அணுக்களின் உட்கருக்கள் அடர்ந்த பழுப்பாகத் தெரியும். அவற்றுக்கு அடியில் படுத்திருக்கும் அடித்தள அணுக்களில் நிறம் மங்கல், சிலவற்றில் இல்லவே இல்லை. சுற்றியுள்ள தசை அணுக்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பு. நடுவே புகுந்த வெள்ளணுக்கள் நீலமாகவே இருக்கும். ஒரே உறுப்பு, ஒரே இரத்தம், பக்கத்துப் பக்கத்து அணுக்கள். ஒன்று கேட்கிறது, ஒன்று கேட்கவில்லை. மார்பகக் கட்டிகளுக்கு நாங்கள் தினமும் போட்டது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் ஹெர்-2வும்தான். ஆண்ட்ரோஜன் ஏற்பியை எப்போதாவதுதான் கேட்பார்கள்.

ஏற்பியின் மரபணுவை 1988இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே பிரித்தெடுத்த பிறகுதான் நம்பகமான ஆன்டிபாடிகள் கைக்கு வந்தன. 1991இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வாளர்கள் மனிதத் திசுக்களை ஒவ்வொன்றாகச் சாயமிட்டுப் பார்த்தார்கள். ஆண் உறுப்புகளில் மட்டுமா இருந்தது? பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் இருந்தது. வியர்வைச் சுரப்பியில், மயிர்க்காலில், இதயத் தசையில், தைராய்டில், அட்ரினல் சுரப்பியில் எல்லாம் இருந்தது. எலும்பைக் கட்டும் அணுக்களிலும் மூளையின் சில பகுதிகளிலும் உண்டு. தாடையில் மயிரை வளர்க்கும் அதே ஹார்மோன் உச்சந்தலையில் வழுக்கையைக் கொண்டுவருவதும் அந்தந்த மயிர்க்காலின் குணத்தால்தான். இந்த அநியாயத்தைப் பற்றித் தாத்தா முப்பது வருடமாகப் புலம்புகிறார், கேட்டுப் பார்.

உன் கேள்விகளுக்கு இப்போது நீயே பதில் சொல்லலாம். தசையில் உள்ள ஏற்பிக்கு அழைப்பு நின்றதால் தொடை சூம்புகிறது. எலும்பும் மெலியும், அதில் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் ஆண் உடம்பு டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனையும் தயாரித்துக்கொள்கிறது. மார்பகத் திசுவை ஆண்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்ததும் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கி வீக்கம் வருகிறது. பாலின ஹார்மோன் சட்டென்று விழுந்ததால் மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி தடுமாறி வியர்வையைக் கொட்டுகிறது. மாதவிடாய் நின்ற காலத்தில் பாட்டிக்கும் இதுதான் நடந்தது.

ஹார்மோன் நிறைய இருந்தும் ஏற்பி வேலை செய்யாவிட்டால்? அப்படிப் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்-ஒய் குரோமோசோம், உள்ளே விரைகள், இரத்தத்தில் தாராளமாக டெஸ்டோஸ்டிரோன், ஆனால் உடல் பெண்ணாகவே வளர்கிறது. ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்தினெஸ்-பத்தின்யோ இதைத் தன் பெயரிலேயே வெளிப்படையாக எழுதியவர். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் குரோமோசோம் சோதனையைக் காட்டி அவரை விலக்கினார்கள். தன் உடலால் அந்த ஹார்மோனைப் பயன்படுத்தவே முடியாது என்று வாதாடி 1988இல் உரிமையை மீட்டார். நம் புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கத்தை இழந்தார். அவர் உடம்பைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் இருப்பதையோ குரோமோசோமையோ மட்டும் பார்த்து ஒருவரை எடைபோடுவது அறிவியலாகவும் அரைகுறை, நியாயமாகவும் அரைகுறை என்பது என் கட்சி. இன்னொன்று: இந்த ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆக, ஒவ்வோர் ஆணும் அதை அம்மாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறான்.

இனி கட்டிகள். 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், உடம்பில் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் விரைகளை நீக்கினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ அடங்குகிறது என்று காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு. தாத்தாவின் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் பரவிய நோயில் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு, டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்தில் இருக்கும்போதே பி.எஸ்.ஏ. மறுபடி ஏறத் தொடங்கும். கட்டிக்கு இனி ஹார்மோனே வேண்டாம் போலிருக்கிறது என்று பல காலம் நினைத்தார்கள். பி.எஸ்.ஏ.வை முடுக்குவது யார் என்று முன்பு சொன்னேனே, அதை வைத்து யோசி. அந்த எண் ஏறுகிறது என்றாலே பெரும்பாலும் ஏற்பி உள்ளே விழித்திருக்கிறது என்றுதான் பொருள். அழைப்பு நின்ற பிறகும் அது எப்படி வேலைக்குப் போகிறது? கட்டியின் தந்திரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வியப்பும் சேர்ந்தே வரும். சில கட்டிகள் ஏற்பி மரபணுவின் பிரதிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. 1995இல் பின்லாந்து ஆய்வாளர்கள் சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த கட்டிகளில் சுமார் 30 சதவீதத்தில் இதைக் கண்டார்கள். காதுகள் கூடிவிட்டால் முணுமுணுப்பே போதும். சில கட்டிகளில் ஏற்பி உருமாறி, வேறு ஹார்மோன்களுக்கும் பதில் சொல்கிறது. 1977இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எல்.என்.கேப் அணுக்களில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் புரோஜெஸ்டிரோனும் அதை எழுப்பும், ஏற்பியை அடைக்கக் கொடுக்கும் புளூட்டமைட் மருந்தே எழுப்பும்!

அட்ரினல் சுரப்பியும் கட்டியும் தாமே ஆண்ட்ரோஜன் தயாரிப்பதைத் தடுக்க அபிராடெரோன் 2011இலும், ஏற்பியையே இன்னும் இறுக்கமாக அடைக்க என்சாலுடமைட் 2012இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கட்டி விட்டதா? ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத குட்டை ஏற்பியைச் சில கட்டிகள் தயாரிக்கின்றன. அதற்கு அழைப்பே தேவையில்லை. ஏ.ஆர்.-வி7 என்ற இந்த வடிவம் இரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களில் தென்பட்டவர்களுக்கு அந்த இரண்டு மருந்துகளும் பலிக்கவில்லை என்று 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு தெரிவித்தது. ஏற்பியையே தொலைத்துவிட்டு வளரும் கட்டிகளும் உண்டு. அங்கே பி.எஸ்.ஏ. குறைவாகவே இருந்து நம்மை ஏமாற்றும்.

தமிழ்ப் பெயர் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன். டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணுவைப் புரோஸ்டேட்டில் இந்த ஏற்பிதான் வழக்கமாக முடுக்கும். (கோவிட் காலத்தில் வைரஸ் அணுவுக்குள் நுழைய உதவுவதாகப் பெயர் அடிபட்டதும் இதன் புரதம்தான்.) அதன் முன்பகுதி உடைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஆர்.ஜி. போன்ற மரபணுக்களோடு ஒட்டிக்கொள்வதை 2005இல் அவர் குழு கண்டுபிடித்தது. மேலைநாட்டவரின் புரோஸ்டேட் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒட்டு இருக்கிறது, ஆசியர்களிடம் குறைவு. ஏற்பி தன் பழைய வேலையைத்தான் செய்கிறது. விசையோடு இப்போது வேறு கம்பி இணைந்திருக்கிறது.

புரோஸ்டேட்டை மட்டும் பார்த்தால் இந்த ஏற்பி வில்லன் என்று தோன்றும். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையிலும் அது இருக்கிறது. 1940களிலும் 50களிலும் மார்பகப் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது, கூடவே குரல் தடித்து முகத்தில் மயிர் வளர்ந்தது. அதனால் பின்னால் கைவிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகக் கட்டிகளில் ஆண்ட்ரோஜன் ஏற்பியை முடுக்கினால் வளர்ச்சி அடங்குகிறது என்று 2021இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழு விளக்கியது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகிய மூன்று குறிகளும் இல்லாத மார்பகக் கட்டிகளில் ஒரு வகையிலோ அதே ஏற்பி வளர்ச்சிக்குத் துணைபோகிறது, அங்கே அடைத்துப் பார்க்கிறார்கள். உமிழ்நீர்க் குழாயில் வரும் ஓர் அரிய புற்றுநோயில் பெரும்பாலும் பளிச்சென்று பழுப்பு தெரியும். அவர்களில் சிலருக்குத் தாத்தாவுக்குப் போடும் அதே ஊசியைப் போடுகிறார்கள்.

ஆகவே எந்த ரிப்போர்ட்டிலாவது ‘ஆண்ட்ரோஜன் ஏற்பி 80%’ என்று பார்த்தால், 100 புற்றணுக்களில் 80இன் உட்கரு பழுப்பானது என்று மட்டும் எடுத்துக்கொள். ஏற்பி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. எந்த உறுப்பு, என்ன கட்டி, பக்கத்தில் வேறு எந்த ஏற்பி என்று பார்த்த பிறகுதான் பேச முடியும்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது உனக்கு விடுமுறை என்றால் நீயும் கூட வா. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது, கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டுமா, பி.எஸ்.ஏ.வோடு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்த்தார்களா, தொடைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்க வேண்டும். தாத்தா கேட்கமாட்டார். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிட்டு, டாக்டர் பதில் சொல்லுமுன் எழுந்துவிடுவார்.

அன்புடன்,
அத்தை