வாடகைத்தாய்க்கு இன்சூரன்ஸ்: கையெழுத்துப் போடும் முன்

தன் பெரியம்மா மகளுக்காகக் குழந்தை சுமக்க ஒப்புக்கொண்டிருந்தார், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, காய்ப்பையோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம் இன்சூரன்ஸ் போட்டாச்சா என்று கேட்டேன். "போட்டாச்சுங்கக்கா. எம் பேருலதானுங்க. காயிதம் மட்டும் அவிங்க போன்ல இருக்குதுங்க." எத்தனை லட்சத்துக்கு, எதுவரைக்கும்? "அதெல்லாம் கேக்கலீங்க. சொந்தக்காரங்ககிட்டப் போயி எப்படிங்க கேக்கறது?" கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. இன்சூரன்ஸ் போடுவது தம்பதியின் பெருந்தன்மை இல்லை, சட்டம். வாடகைத்தாய் முறைப்படுத்தும் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. சுமப்பதற்குக் கூலி வாங்கக்கூடாது. மருத்துவச் செலவு, அதை ஒட்டிய செலவுகள், இன்சூரன்ஸ் ஆகியவற்றைத் தம்பதி ஏற்க வேண்டும். அந்த இன்சூரன்ஸ் வாடகைத்தாயின் பெயரில் 36 மாதத்துக்கு இருக்க வேண்டும். கர்ப்பத்தில் வரும் சிக்கலும், பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கலும் அதில் அடங்க வேண்டும். மசோதாவாக இருந்தபோது 16 மாதம் என்றுதான் எழுதியிருந்தார்கள். மாநிலங்களவைத் தெரிவுக் குழு சொல்லித்தான் அது 36 ஆனது.

2. "ஹெல்த் பாலிசிதானே, எது போட்டால் என்ன" என்று யாராவது சொன்னால், பாலிசியின் விலக்குப் பட்டியலைத் திறந்து 17, 18 என்ற எண்களைப் பாருங்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த எண்கள் இவை. 17இல் குழந்தையின்மைச் சிகிச்சையோடு வாடகைத்தாய் முறையும் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. 18இல் பிரசவச் செலவு. சிசேரியனும் சிக்கலான பிரசவமும் அதற்குள் வந்துவிடும். இந்த இரண்டையும் நீக்கி, 'வாடகைத்தாய்க்குப் பொருந்தும்' என்று எழுத்தில் தராத பாலிசியைப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. ஏஜென்டின் வாட்ஸப் குரல் பதிவை நம்பாதீர்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். படித்துப் பார்க்க அந்த அவகாசம் போதும்.

3. விண்ணப்பத்தில் வாடகைத்தாய் என்பதை மறைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சுகர், தைராய்டு, முந்தைய சிசேரியன் எல்லாவற்றையும் எழுதுங்கள். உண்மையை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மைத் தள்ளும் உரிமை கம்பெனிக்கு 60 மாதம் வரை உண்டு. உங்கள் பாலிசியோ 36 மாதம்தான். முழுக்காலமும் கத்தி தலைக்கு மேலேயே தொங்கும்.

4. 36 மாதத்தைக் காலண்டரில் வைத்து எண்ணுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கரு வைப்பதற்கு மூன்று முயற்சி வரை அனுமதி உண்டு. ஜனவரியில் பாலிசி தொடங்கி, பிப்ரவரியிலும் ஜூனிலும் வைத்த கரு தங்காமல், நவம்பரில் வைத்தது தங்கினால், பிரசவம் மறு வருஷம் ஆகஸ்ட் வாக்கில். அப்போதே இருபது மாதம் கரைந்திருக்கும். பிள்ளை பிறந்தபின் மிச்சமிருப்பது ஒன்றரை வருஷம்கூட இல்லை. மூன்றாவது முயற்சிக்குப் போகும் முன் பாலிசியை நீட்டித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் பாலிசி வேண்டாம். மூன்று வருஷப் பிரீமியத்தை ஒரே தடவையில் கட்டச் சொல்லுங்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபின் இரண்டாம் வருஷப் பிரீமியம் யார் ஞாபகத்தில் இருக்கும்? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

5. "எனக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்குதே" என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் பதில். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் விதி கேட்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அங்கீகரித்த கம்பெனியின் பாலிசியை. அந்த இடத்தில் இ.எஸ்.ஐ. அட்டை நிற்காது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்தாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் சந்தா அறுந்துபோகலாம். இ.எஸ்.ஐ.யைக் கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தன் கருமுட்டையைத் தந்து குழந்தை பெறும் தாய் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு 12 வார மகப்பேறு உதவி உண்டு, அவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

6. ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். மூன்று லட்சம் பாலிசியில் நாள் வாடகை 1 சதவீதம் என்றிருந்தால் 3,000 ரூபாய் ரூம்தான். 6,000 ரூபாய் ரூமில் படுத்தால் வாடகையில் மட்டும் கழிக்க மாட்டார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் அதே கணக்கில் பாதியாக்கிவிடலாம். இத்தனை லட்சம் வேண்டும் என்று விதியில் தொகை சொல்லவில்லை, "போதுமான அளவு" என்றுதான் இருக்கிறது. ரத்தப்போக்கு, கர்ப்பப்பை நீக்கம், ஐ.சி.யூ.வில் சில நாள் என்று டாக்டரிடமே உத்தேசக் கணக்குப் போட்டு வாங்கி, அதைத் தாண்டிய தொகைக்குப் போடச் சொல்லுங்கள். நடுராத்திரியில் கோயமுத்தூருக்கு அனுப்பினால் அங்கேயும் கேஷ்லெஸ் உண்டா என்று ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்து வையுங்கள்.

7. பிறக்கும் குழந்தை இந்த பாலிசிக்குள் வரும் என்று தம்பதி நினைத்திருக்கலாம். சட்டப்படி அது அவர்கள் குழந்தை. அவர்களுடைய குடும்ப பாலிசியில்தான் சேர்க்க வேண்டும். பல பாலிசிகளில் 90 நாள் கழித்தே சேர்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் பணம் கரைவது அந்த முதல் சில வாரத்தில்தான். முதல் நாளிலிருந்தே குழந்தைக்கும் கவர் உண்டா என்று அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

8. வாடகைத்தாயின் வயது 25 முதல் 35க்குள் இருக்க வேண்டும். கல்யாணமாகி, சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே தடவைதான். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதார் காட்டிக் கருமுட்டை கொடுக்க வைத்த கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது. வயதைத் திருத்திக் கொடுக்கும் புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய் வயதில் எடுத்த பாலிசியும் நிற்காது.

9. நாமினியாக உங்கள் கணவரையோ பிள்ளையையோ போடுங்கள். பதிவு செய்யும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும்.

10. செலவு, நோய், இறப்பு எதற்கும் ஈடு தருவதாகத் தம்பதி உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பாலிசியோடு சேர்த்து ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வைத்துவிடுங்கள்.

11. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024இல் உத்தரவு வந்திருக்கிறது. கிளெய்மைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.