அட்டவணை ஒரு பக்கம், பேட்டி ஒரு பக்கமா?

கேள்வி: ராணுவத்தினரைப் பணியில் ஊக்கப்படுத்துவது எது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன். இருநூறு பேரிடம் கேள்வித்தாள், பத்துப் பேரிடம் பேட்டி என்று முடித்து, இரண்டு இயல்களாக எழுதினால் போதுமா?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: போதாதும்மா. ஒரே அட்டைக்குள் இரண்டு ஆய்வேடுகள் இருக்கும், அவ்வளவுதான். ஒன்றில் கிளம்பும் சந்தேகத்தை மற்றதிடம் கொண்டுபோய்க் கேட்டால்தான் அது கலப்பு முறை.

இரண்டாம் உலகப் போரின்போது சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டூஃபரின் குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களிடம் கருத்துக் கேட்டது. முடிவுகள் 1949-இல் 'தி அமெரிக்கன் சோல்ஜர்' என்ற நூலாக வந்தன. மிலிட்டரி போலீஸில் பதவி உயர்வு அரிது, விமானப் படையில் தாராளம். ஆனால் பதவி உயர்வு முறையைப் பற்றி அதிகம் குறைபட்டவர்கள் விமானப் படையினரே! கூட இருப்பவர்கள் மேலே போய்விட்டார்களா என்று பார்த்துத்தான் மனிதர் தம் நிலையை அளக்கிறார்கள் என்று நூல் விளக்கியது. அருமையான விளக்கம்தான்; ஆனால் அட்டவணையைப் பார்த்த பிறகு தோன்றியது. நானாக இருந்தால் அந்த இடத்தில்தான் பேட்டியைத் தொடங்குவேன். பதவி உயர்வைப் பற்றிப் பேசவிட்டு, தம்மை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒப்பீட்டை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பேட்டியிலிருந்து எண்ணைக் கறப்பதும் ஆபத்து. அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், அதே போரில் சண்டை முடிந்த கையோடு வீரர்களைக் கூட்டிவைத்துப் பேசியவர். காலாட்படையில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் துப்பாக்கியால் சுடவில்லை என்று 1947-இல் எழுதினார். அதற்கான முறையான கணக்கு எங்கே என்று பின்னால் வந்த வரலாற்றாய்வாளர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை.

அந்தப் பத்துப் பேரைக் கைக்குக் கிடைத்தவர்களிலிருந்து எடுக்காதீர்கள். சம்பளத்திலும் வேலையிலும் திருப்தி என்று குறித்துவிட்டு, பணியை விட்டுப் போகவும் விரும்புகிறவர் இருப்பார். அவரைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பெயர் கேட்டால் ஜவான் மனதில் இருப்பதை எழுத மாட்டார். ஸ்டூஃபர் குழு பெயரும் கேட்கவில்லை, அதிகாரிகளை அறைக்குள் விடவும் இல்லை. ஆகவே தாளில் குறியெண் மட்டும் போடுங்கள். பேட்டிக்குச் சம்மதிப்பவர் அந்த எண்ணோடு தன் தொலைபேசி எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வேறு உறையில் போடட்டும். பணியில் இருப்பவர்கள் என்றால், இதற்கெல்லாம் முன்பே ராணுவத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை வாங்கிவிடுங்கள்.