தலை வலிக்கிறதா, நோகிறதா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். "தலை நோவுது" என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். "நோய் என்றால் வியாதி. உனக்கு வந்திருப்பது வலி, வலிக்குது என்று சொல்லு" என்று திருத்தவும் செய்கிறார்கள். நோவு கொச்சைச் சொல்லா? எழுத்தில் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகி

பதில்: கொச்சை இல்லை. உங்களைத் திருத்துகிறவர்கள் சொல்லும் 'வலி'யைவிட, இந்தப் பொருளில் மூத்த சொல் உங்களுடையதுதான். கன்னடத்தில் இன்றும் உடம்பு வலிக்கு 'நோவு' என்றுதான் பெயர். தெலுங்கில் 'நொப்பி'. மலையாளத்திலும் நோவு உண்டு. இத்தனை மொழிகளுக்கும் பொதுவான சொல் எப்படிக் கொச்சையாகும்?

'வலி'யின் பழைய பொருள் வலிமை. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், அரசன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் அறிவதைப் பேசுகிறது. வலித்தல் என்றால் இழுத்தல் என்றும் பொருள். துடுப்பு வலிப்பது அதனால்தான். கைகால் இழுக்கும் நோய்க்கு வலிப்பு என்று பெயர் வந்ததும் அதனால்தான். நரம்பும் தசையும் இழுத்துப் பிடிக்கும் அந்த அவதியிலிருந்தே இன்றைய பொருள் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'வலிக்கிறது' தவறில்லை, இன்று அதுவே பொதுவழக்கு. ஆனால் அதைக் காட்டி நோவைத் தள்ளிவைப்பது அநியாயம்.

'நோய்' நோவுக்கு உடன்பிறப்பு. அதை வியாதி என்ற ஒரே பொருளில் அடைத்தது பிற்கால வழக்கம். குறளில் மருந்து அதிகாரத்தில் வரும் நோய் உடல்நோய். காமத்துப்பாலில் படர்மெலிந்திரங்கலில் வரும் நோய் பிரிவுத்துயர். குறுந்தொகையின் 4ஆம் பாடலில் தலைவி தன் நெஞ்சு நோகிறது என்று மூன்று முறை சொல்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. உடம்பு படுவதையும் மனம் படுவதையும் ஒரே வேரால் சொன்ன மொழி நம்முடையது.

நோவுக்கு உள்ள இன்னொரு ஆற்றல் வலிக்கு இல்லை. "கை நோகிறது" என்றால் நோவு கையோடு நிற்கிறது. "யாரை நொந்துகொள்வது?" என்று கேட்கும்போதோ அது அடுத்தவரை நோக்கித் திரும்பி, மனக்குறையாகிறது. இந்த இடத்தில் வலியைப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே நிற்காது. "மனம் நோகப் பேசாதே" என்பதிலும் வலி இயல்பாக வராது. "மனம் வலிக்கப் பேசாதே" என்று சொல்ல முடியும், ஆனால் யார் வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள்?

எனக்குப் பெரிய கவலை வேறு. எல்லா அவதிக்கும் 'வலி' என்ற ஒன்றையே சொல்லிப் பழகினால் மற்றச் சொற்கள் போய்விடும். காதும் மூட்டும் குடையும். நடந்து களைத்த கால் உளையும். விலாவில் குத்தும். வயிறு பிசையும். சீழ்வைத்த விரல் விண்விண் என்று தெறிக்கும். சிறுநீர் எரிந்து சொட்டுச்சொட்டாகப் போனால் நீர்க்கடுப்பு. இலங்கைத் தமிழர் தலைவலியைத் தலையிடி என்கிறார்கள், எவ்வளவு பொருத்தம்! குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா என்பது மருத்துவருக்கு நோயைக் கண்டுபிடிக்க உதவும் செய்தி. ஊர்ப்பக்கத்துப் பாட்டி இதைச் சரியாகச் சொல்வார். படித்த பேரன் "வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். உளைச்சல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் எல்லாம் உடம்பிலிருந்து கிளம்பி மனத்துக்கும் போன சொற்கள் என்பதையும் கவனியுங்கள். காலில் இருந்த உளைச்சல்தான் இன்று மன உளைச்சல்.

வலிக்கு நாம் சொல்லும் இன்னொரு சொல்லான 'வேதனை' வடமொழிச் சொல். பௌத்தத்தில் அது இன்பம், துன்பம் இரண்டையும் சேர்த்த உணர்வு. மணிமேகலை அதை நுகர்வு என்று தமிழாக்குகிறது. நம் பேச்சில் துன்பம் மட்டும் தங்கிவிட்டது.

எழுத்தில் நோவைப் பயன்படுத்தலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதுங்கள். கதையில் உரையாடல் என்றால் உங்கள் ஊர்ப்படி "நோவுது" என்றே இருக்கட்டும். கட்டுரை என்றால் நோகிறது, நொந்தது, நோகும் என்று வரும். இறந்தகாலத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'நோகியது' என்று எழுதிவிடாதீர்கள், 'நொந்தது'தான்.